இலகு எடை கிட் கார்: பராமரிப்பும் மாற்றங்களும்

கிட் ஸ்போர்ட்ஸ் கார் என்ற வகைக்கு மூல உருவம் 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். இரும்புக் குழாய்களால் ஆன சட்டகம், அதன்மேல் அலுமினியத் தகடு, முன்னால் நீண்ட எஞ்சின் அறை, பின் அச்சுக்குச் சற்று முன்னால் இரண்டு இருக்கைகள். கதவும் நிலையான கூரையும் கிடையாது. அக்காலப் பிரிட்டனில் முழுமையான காருக்குக் கொள்முதல் வரி இருந்தது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. அந்தச் சலுகை 1973-இல் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் கேட்டர்ஹாம் நிறுவனம் செவனின் உரிமையை வாங்கி, உற்பத்தியைத் தொடர்ந்தது. சலுகை போனபின்பும் காரைத் தானே பூட்டும் ஆசை போகவில்லை. 1996-இல் ரான் சாம்பியன் எழுதிய கட்டுமான நூல் ஒன்று, பழைய காரின் எஞ்சினையும் அச்சையும் எடுத்துச் சொந்தமாகச் சேஸி வெல்டிங் செய்துகொள்ளும் வழியைக் காட்டியது. 'லோகாஸ்ட்' என்ற பெயரில் அவ்வகைக் கார்கள் பல நாடுகளில் உருவாயின.

இந்தியாவில் இந்த மரபின் தெளிவான வாரிசு, மும்பைக்கு அருகே அலிபாக்கில் உருவான சிங்காரா ரோட்ஸ்டர். செவன் வடிவம், ஃபைபர் பாடி, 1.8 லிட்டர் இசுஸு பெட்ரோல் எஞ்சின். காண்டெஸா கிளாசிக்கிலும் அம்பாசடர் 1800-இலும் ஓடிய அதே 1817 சிசி குடும்பம்தான் இது. 1998-இல் வந்த சான் ஸ்டார்ம் கிட் கார் அல்ல. ஆனாலும் ஃபைபர் பாடியும் குறைந்த எடையும் கொண்ட இருவர் கார் என்பதால் இந்த அத்தியாயத்தின் பல பகுதிகள் அதற்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் இந்த அறிவு பந்தயக் களம் வழியாக வளர்ந்தது. கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். 1995-இல் அவர் மறைந்த பிறகும் அந்த ஊரின் பட்டறைகளில் குழாய்ச் சேஸி வெல்டிங்கும் சஸ்பென்ஷன் வேலையும் தொடர்ந்தன. செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஹைதராபாத்தின் வடகிழக்கே, முன்னாள் படைவீரர்களின் குடியிருப்பாகத் தொடங்கிய சைனிக்புரி இத்தகைய காரை வைத்துக்கொள்ள வசதியான இடம். சுற்றுச்சுவரும் போர்ட்டிகோவும் கொண்ட தனி வீடுகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. ஒரு காரை மாதக்கணக்கில் பிரித்துப் போட்டு வேலை செய்ய இடம் கிடைக்கும். லேத், வெல்டிங், பவுடர் கோட்டிங் பட்டறைகளுக்குக் குஷாய்குடாவும் செர்லப்பள்ளித் தொழிற்பேட்டையும் பக்கம். சோதனைகளும் உண்டு: 40 டிகிரியைத் தாண்டும் கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, உப்பேறிய போர்வெல் தண்ணீர், தெருவுக்குத் தெரு வேகத்தடை.

முதல் கருவி: காரின் குறிப்பேடு

தொழிற்சாலைக் காருக்குப் பட்டறைக் கையேடு உண்டு. கிட் காருக்கு அது இருக்காது. இருந்தாலும் அது பூட்டும் முறையைச் சொல்லுமே தவிர, பூட்டியவர் எதை மாற்றினார் என்பதைச் சொல்லாது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு ரோட்ஸ்டர்களில் ஒன்றில் ஜிப்ஸியின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் மற்றொன்றில் அம்பாசடருடையதும் இருக்கலாம். ஆகவே பழைய கிட் கார் ஒன்றை வாங்குபவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது, காரின் ஒவ்வொரு பாகமும் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து எழுதுவது. வீல் பேரிங்கின் எண், ஆயில் சீலின் அளவு, பிரேக் பேடின் வடிவம், கிளட்ச் பிளேட்டின் விட்டம், ஃபேன் பெல்ட்டின் நீளம், ஒவ்வொரு வயரின் நிறமும் அது போகும் இடமும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். பேரிங்கின் மீதே எண் பொறிக்கப்பட்டிருக்கும். பிரித்த அன்றே குறித்துக்கொண்டால் அடுத்த முறை கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னால் போதும், பழைய பேரிங்கைச் சுமந்து அலைய வேண்டியதில்லை.

இந்தக் குறிப்பேடு இல்லாமல் செய்யும் எந்த மாற்றமும் குருட்டு வேலை. சக்கரக் கோணம், ஸ்பிரிங்கின் உயரம், டயர் அழுத்தம், கார்புரேட்டர் ஜெட் எண் ஆகியவற்றின் தற்போதைய அளவு தெரியாதவருக்கு, மாற்றிய பிறகு கார் மேம்பட்டதா கெட்டதா என்பதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளப்பது என்ற இரண்டு பழக்கமும் குறிப்பேட்டோடு சேர்ந்தே வரும்.

சேஸியும் ஃபைபரும்

செவன் வகைச் சேஸியில் பெரும்பாலும் 25 மி.மீ. சதுரக் குழாய் இருக்கும். சுவரின் தடிமன் 1.6 மி.மீ. அளவுதான். இவ்வளவு மெல்லிய இரும்பில் துரு வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். தண்ணீர் தங்கும் இடங்கள் மூன்று: இருக்கைக்குக் கீழே உள்ள தளம், பின் அச்சின் கை பூட்டும் மூலை, பாடியும் சேஸியும் ஒட்டி நிற்கும் விளிம்பு. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும், இந்த இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல குழாய் கணீரென ஒலிக்கும். துருவேறியது மந்தமாக ஒலிக்கும். குழாய்களுக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் செலுத்துவது சிக்கனமான காப்பு. அதற்காகத் துளையிடும்போது வெல்டிங் மூட்டிலிருந்து விலகி, குழாயின் நடுப்பக்கவாட்டில் சிறிதாக இட்டு, பிறகு ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும்.

அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டகத்தில் ரிவெட் அடித்திருந்தால், ஈரம் படும் இடத்தில் இரு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நடக்கும். தகட்டின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிவது அதன் அறிகுறி. ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, பெயின்ட் அடித்து, நடுவில் பாலியூரிதேன் சீலன்ட் பட்டை இட்டு மீண்டும் அடிப்பதே தீர்வு. மேலே சீலன்ட் பூசி மறைத்தால் அரிப்பு உள்ளே தொடரும்.

ஃபைபர் பாடிக்குத் துரு இல்லை. அதன் எதிரி வெயிலும் அதிர்வும். ஹெட்லைட் கம்பி, கீல், பூட்டு போன்றவை திருகப்பட்ட இடத்தைச் சுற்றி நட்சத்திர வடிவ விரிசல் வரும். பெரும்பாலும் அது மேல்பூச்சின் விரிசல் மட்டுமே. ஆனால் உள்பக்கத்திலிருந்து விளக்கடித்துப் பார்த்தால் வெளிர் நிறத் திட்டு தெரிகிறது என்றால் இழையே பிரிந்துவிட்டது. அப்போது உள்பக்கத்தைச் சொரசொரப்பாக அரைத்து, துண்டு இழைப் பாயை இரண்டு மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று அகலமாக, பாலியஸ்டர் ரெசினில் நனைத்து ஒட்ட வேண்டும். கெட்டிப்படுத்தும் திரவத்தை வழக்கமாக 1 முதல் 2 சதவீதம் கலப்பார்கள். ஹைதராபாத்தின் மே மாத மதியத்தில் 2 சதவீதம் கலந்தால் டப்பாவிலேயே ரெசின் கொதித்துக் கெட்டியாகிவிடும். விடியற்காலையில், 1 சதவீதத்தை ஒட்டிய அளவில், சிறு சிறு பங்காகக் கலப்பதே இங்கே நடைமுறை. திருகும் இடத்தில் பெரிய வாஷரோ 2 மி.மீ. அலுமினியத் தட்டோ வைத்துப் பளுவைப் பரப்பினால் விரிசல் திரும்ப வராது.

மின்வயரிங்

ஃபைபர் பாடியில் மின்சாரம் ஓடாது. சாதாரணக் காரில் விளக்கைப் பாடியில் திருகினாலே எர்த் கிடைத்துவிடும். இங்கே ஒவ்வொரு விளக்குக்கும் ஹாரனுக்கும் மோட்டாருக்கும் தனி எர்த் வயர் வேண்டும். இன்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து துடிப்பது, எஞ்சின் சூடாக இல்லாதபோதும் சூடுமானியின் முள் ஏறுவது போன்ற விநோதங்களுக்குப் பத்தில் ஒன்பது முறை கெட்ட எர்த் இணைப்பே காரணம். கண்டுபிடிப்பது எளிது. விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ துரு அல்லது தளர்வு இருக்கிறது. எல்லா எர்த் வயர்களையும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பித்தளைப் பட்டைகளில் சேர்த்து, அங்கிருந்து தடித்த வயரில் பேட்டரிக்குக் கொண்டுபோவது ஒரே நாளில் முடியும் வேலை. கிட் காரில் செய்யும் வேலைகளில் உழைப்புக்கு இவ்வளவு பலன் தருவது வேறில்லை.

ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், பெட்ரோல் பம்ப் மூன்றுக்கும் தனித்தனி ரிலேயும் பியூஸும் வேண்டும். பல மாதம் ஓடாமல் நிற்கும் காரில் எலி வயரைக் கடிப்பது இங்கே சகஜம். எஞ்சின் அறை வயர்களை நெளிகுழாய்க்குள் விடுவதும், பேட்டரியில் துண்டிப்புச் சுவிட்ச் வைப்பதும் தீ விபத்தைத் தடுக்கும்.

சூடும் பெட்ரோலும்

செவனின் மூக்கு சிறியது. ஓடும்போது காற்று போதுமான அளவு வரும், ஏ.எஸ். ராவ் நகர் சிக்னலில் ஏப்ரல் மாத மாலையில் நிற்கும்போது வராது. எனவே குளிர்ச்சி அமைப்பை நின்றுகொண்டிருக்கும் காருக்காகக் கணக்கிட வேண்டும். ரேடியேட்டரைப் பெரிதாக்குவதற்கு முன் பார்க்க வேண்டியது, காற்று ரேடியேட்டருக்குள்தான் போகிறதா என்பதை. மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள இடைவெளியில் காற்று பக்கவாட்டில் தப்பிவிடும். அந்த இடைவெளியை அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சும் கொண்டு அடைத்தாலே பல கார்களில் தொல்லை தீர்ந்துவிடுகிறது. ஃபேனை முழுவட்டக் கூண்டோடு ரேடியேட்டரின் பின்பக்கம் வைப்பது அடுத்த படி.

தாழ்ந்த மூக்கின் இன்னொரு தொல்லை காற்றுக்குமிழி. எஞ்சினின் தலை ரேடியேட்டரைவிட உயரத்தில் இருப்பதால் காற்று சிலிண்டர் ஹெட்டில் தங்கிவிடும். சூடுமானி சரியான அளவைக் காட்டும்போதே உள்ளே ஆவி கட்டி, ஹெட் கேஸ்கெட் போகும். எஞ்சினைவிட உயரத்தில் ஒரு சிறு தொட்டி வைத்து, ஹெட்டின் உச்சியிலிருந்து மெல்லிய குழாயை அதில் சேர்த்தால் காற்று தானே வெளியேறும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையத்தையும் மறக்கக் கூடாது. சைனிக்புரியின் ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் திறந்த தண்ணீர் 98 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடியுடன் அது 120 டிகிரியை நெருங்கும். கூலன்ட்டைக் காய்ச்சிவடித்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு அலுமினிய ஹெட்டின் நீர்வழிகளில் படிந்து, சில ஆண்டுகளில் கழுவியும் போகாத அடைப்பாகும்.

கார்புரேட்டர் எஞ்சினுக்கு இன்று புதிய பிரச்சினை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 போதும். பழைய ஜெட்டையே வைத்திருந்தால் பெட்ரோல் பற்றாமல், எஞ்சின் சூடேறி, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது தயங்கும். மேட்டு நிலத்தின் மெல்லிய காற்று இதை ஓரளவு ஈடுகட்டும். 540 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 5 சதவீதம் குறைவு. கார்புரேட்டரில் அதனால் கலவை இரண்டரை சதவீதம் வரை செறிவடையும். ஈடாகாத மீதியை மெயின் ஜெட்டை ஒரு படி, தேவைப்பட்டால் இரண்டு படி பெரிதாக்கிச் சரிசெய்ய வேண்டும். சென்னையில் ட்யூனிங் செய்து கொண்டுவந்த கார் இங்கே அதே ஜெட்டில் சரியாக ஓடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இறுதித் தீர்ப்பை ஸ்பார்க் பிளக்கின் நிறமோ, அதைவிட நம்பகமாக, சைலன்சர் குழாயில் பொருத்தும் ஆக்ஸிஜன் சென்சாரோ சொல்லட்டும்.

எத்தனால் பழைய ரப்பரையும் கரைக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸ்களையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தரத்துக்கு மாற்றுவது, தள்ளிப்போடக் கூடாத வேலை. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், மழைக்காலத்தில் பாதி டேங்க் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் அடியில் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து தங்கும். நிறுத்துவதாயின் டேங்கை நிரப்பியோ, முழுக்கக் காலி செய்தோ நிறுத்த வேண்டும்.

பிரேக்

எழுநூறு கிலோ காருக்குப் பெரிய பிரேக் தேவையில்லை. ஆயிரத்து நூறு கிலோ செடானிலிருந்து எடுத்த டிஸ்க்கே இங்கே தாராளம். இன்னும் பெரிய டிஸ்க் போட்டால் கூடுவது சக்கரத்தின் எடையும் செலவும்தான். பந்தயத்துக்கான கடின பேடுகளும் அப்படியே: அவை சூடேறினால்தான் பிடிக்கும், சைனிக்புரித் தெருவில் அந்தச் சூடு வராது. மென்மையான சாலைப் பேடும் சுத்தமான பிரேக் ஆயிலும் இந்தக் காருக்கு மிகப் பொருத்தம்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரமேறியபின் 155. டாட் 3-க்கு 205, 140. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பொது விதி. மழைக்காலம் முழுக்கத் திறந்தவெளியில் நிற்கும் காருக்கு ஆண்டுக்கு ஒருமுறை. சிலிக்கான் ஆயிலான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது.

வெவ்வேறு வண்டிகளிலிருந்து வந்த முன், பின் பிரேக்குகளின் சமநிலை இந்தக் காரின் மிக முக்கியமான பாதுகாப்புச் சோதனை. போக்குவரத்தில்லாத, தனியார் இடத்தின் காய்ந்த தரையில், 30 கி.மீ. வேகத்தில் பெடலை அழுத்தி எந்தச் சக்கரம் முதலில் உறைகிறது என்று வெளியே நிற்கும் ஒருவர் பார்க்க வேண்டும். முன் சக்கரம் முதலில் உறைந்தால் கார் நேராகச் சறுக்கும். ஓட்டுபவர் பெடலை விட்டுப் பிடிக்கலாம். பின் சக்கரம் முதலில் உறைந்தால் கார் சுழலும். அப்படி ஒரு காரை, பின்பக்கக் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பொருத்தும் வரை சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

சஸ்பென்ஷன், சக்கரக் கோணம், டயர்

கிட் கார்க்காரர்கள் முதலில் கைவைப்பதும் அதிகம் கெடுப்பதும் சஸ்பென்ஷனைத்தான். பந்தயத் தடத்து அளவில் ஸ்பிரிங்கைக் கடினமாக்கி, காரை மேலும் தாழ்த்துவார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அமைத்த வேகத்தடையே 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது, காலனித் தெருக்களில் இருப்பவை அந்த விதிப்படி அமைந்தவையல்ல, குறுகலும் செங்குத்தும் ஆனவை. எஞ்சினின் ஆயில் சம்ப் தரையிலிருந்து 11 செ.மீ.யில் தொங்கினால், ஓட்டுபவரும் துணையும் ஏறியபின் அது வேகத்தடையில் இடிக்கும். உயரத்தைக் குறைப்பதற்குப் பதில் சம்பை உயர்த்துவதே அறிவுடைய வழி: லேத் பட்டறையில் சம்பின் அடியை வெட்டிப் பக்கவாட்டில் அகலமாக்கி, வளைவில் ஆயில் ஒதுங்காமலிருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டிங் செய்யலாம். அதற்குக் கீழே 4 மி.மீ. அலுமினியக் காப்புத் தகடும் வேண்டும்.

ஸ்பிரிங் தேர்வுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 150 கிலோ என்றும், சக்கரத்தில் உணரப்படும் கடினம் மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த மூலையின் இயல்பு அதிர்வெண் வினாடிக்கு 1.6 முறை. குடும்பக் கார்கள் ஒன்றை ஒட்டியும், பந்தயக் கார்கள் இரண்டுக்கு மேலும் இருக்கும், சைனிக்புரிக்கு 1.5 முதல் 1.7 வரை பொருந்தும். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக நிற்பதில்லை, விஷ்போனின் நடுவில் சாய்ந்து நிற்கிறது. சக்கரம் 10 மி.மீ. எழும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கினால் விகிதம் 0.7, அதன் வர்க்கம் 0.49. எனவே சக்கரத்தில் 15 கிடைக்க, வாங்க வேண்டிய ஸ்பிரிங் 15-ஐ 0.49-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 31. இந்த வர்க்கத்தை மறந்துவிட்டு வாங்கிய ஸ்பிரிங்குகள் பல போர்ட்டிகோக்களில் தூசி படிந்து கிடக்கின்றன.

சக்கரக் கோணத்தை அளக்கக் கணினி எந்திரம் வேண்டியதில்லை. காரின் இருபுறமும் நான்கு ஸ்டாண்டுகளில் இணையாக மீன்பிடி நரம்பு கட்டி, ஒவ்வொரு ரிம்மின் முன்விளிம்பும் பின்விளிம்பும் நரம்பிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று எஃகு அளவுகோலால் பார்த்தால் அரை மில்லிமீட்டர் வரை தெரியும். தரை சமமாக இருக்க வேண்டும். போர்ட்டிகோ வாசலை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால் சக்கரங்களின் கீழே டைல்ஸ் துண்டுகளை வைத்து, தண்ணீர் நிரப்பிய தெளிகுழாயால் மட்டம் பார்த்துக்கொள்வார்கள். ஓட்டுபவரின் எடைக்குச் சமமான அரிசி மூட்டையை இருக்கையில் வைத்த பிறகே அளக்க வேண்டும். இவ்வளவு லேசான காரில் 70 கிலோ என்பது மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. முன் சக்கரத்துக்கு ஒரு டிகிரி உட்சாய்வும் மொத்தம் ஒரு மில்லிமீட்டர் உள்நோக்கும் நல்ல தொடக்கம்.

நான்கு சக்கரங்களின் கீழும் ஒரே மாதிரியான எடைமேடைகள் வைக்க முடிந்தால், இடது முன், வலது பின் சக்கரங்களின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியாக இருக்கிறதா என்று பார்க்கலாம். பாதிக்கு வெகுதூரம் விலகியிருந்தால் கார் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மோசமாகவும் வளையும். பிரேக்கில் ஒரு முன்சக்கரம் சீக்கிரம் உறையும். ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டைத் திருகி இதைச் சரிசெய்யலாம்.

பந்தயக் காருக்கான ரோஸ் ஜாயின்ட்டுகளைச் சாலைக் காரில் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. டெக்கான் மேட்டுநிலத்தின் கருங்கல் தூசி அவற்றின் உட்பூச்சைச் சில ஆயிரம் கிலோமீட்டரில் தேய்த்துவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் ரப்பர் உறையோடு போட வேண்டும். மற்றபடி கெட்டி பாலியூரிதேன் புஷ் போதும்.

டயரில் இலகு எடைக் காரின் கணக்கு வேறு. பளு குறைவு என்பதால் 30 பிஎஸ்ஐ அடித்தால் டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். 18 முதல் 22 வரை இந்த வகைக்கு இயல்பு. பெட்ரோல் பங்கில் கேட்காமலே 32 அடித்துவிடுவார்கள், கவனிக்க வேண்டும். இந்தக் கார்களில் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஆறு ஆண்டு கடந்த டயரில் பட்டை ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகி, மழையில் பிடிக்காது.

எஞ்சின் மாற்றமும் எடைக் குறைப்பும்

750 கிலோ காரில் 88 குதிரைத்திறன் இருந்தால் டன்னுக்கு 117. அதிலிருந்து 50 கிலோ எடுத்துவிட்டால் டன்னுக்கு 126. எடையைத் தொடாமல் அதே அளவை எட்ட எஞ்சினில் 6 குதிரைத்திறன் கூட்ட வேண்டும். கூட்டிய திறன் நேர்கோட்டில் மட்டுமே உதவும். எடுத்த எடையோ பிரேக்கிலும் வளைவிலும் டயரிலும் சேர்ந்து உதவும். இருக்கை, ஸ்டெப்னி, கண்ணாடிச் சட்டம், தேவையற்ற தரைவிரிப்பு, இரும்புப் பிராக்கெட்டுகள் என்று தேடினால் 50 கிலோ கிடைப்பது கடினமல்ல. பேட்டரியை லித்தியமாக மாற்றினால் ஐந்தாறு கிலோ குறையும்; ஆனால் அதை எஞ்சின் அறையில் வைக்கக் கூடாது, சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும். சேஸியின் குழாய்களிலோ, அவற்றைப் பூட்டும் போல்ட்டுகளிலோ எடை குறைக்க முயல்வது ஆபத்து.

இசுஸு எஞ்சினின் பாகங்கள் அருகிவருகின்றன; காண்டெஸா 2002-இலும் அம்பாசடர் 2014-இலும் நின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் இன்னும் பழைய ஹெட்டும் கிராங்க்கும் கிடைக்கின்றன என்றாலும், அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. எஞ்சினையே மாற்றுவதானால், முன்னால் நீளவாக்கில் நின்று பின்சக்கரத்தை ஓட்டும் அமைப்பே வேண்டும். இந்தியாவில் அதற்கு இயல்பான தேர்வு மாருதி ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சின். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து தனியே நிற்பதால், அதை விட்டுவிட்டு ஐந்து கியர் பெட்டியிலிருந்து நேரே பின் அச்சுக்குப் புரொபெல்லர் ஷாஃப்ட் கொடுக்கலாம். பாகங்கள் எங்கும் கிடைக்கும், எஞ்சின் இசுஸுவைவிட லேசானது. ஷாஃப்டின் இரு முனை மூட்டுக் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டை வெட்டி ஒட்டிய பின் பேலன்ஸ் செய்யாமல் பூட்டக் கூடாது.

திறந்த காருக்குத் தலைக்குப் பின்னால் ரோல் பார் இல்லாமல் எந்த வேக மாற்றமும் பொருளற்றது. சர்வதேச மோட்டார் பந்தயச் சம்மேளனத்தின் அளவு பின்பற்றத்தக்கது: முதன்மை வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் கொண்ட மூட்டில்லாத எஃகுக் குழாய், பின்னோக்கி இரு தாங்கிகள். அலங்காரத்துக்காக விற்கும் ஸ்டெயின்லெஸ் வளைவு இதற்கு ஈடாகாது. தோள்பட்டை பெல்ட் பின்னால் கீழ்நோக்கி 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. மோதலில் அது முதுகெலும்பை நசுக்கும்.

பதிவும் காப்பீடும்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தியாளர் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பிரேக் பேட், புஷ், ஸ்பிரிங், ஹோஸ், வயரிங் போன்றவை பராமரிப்பு. எஞ்சின், சேஸி, பாடியின் அமைப்பு இவற்றைத் தொடுவது மாற்றம். அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன்அனுமதி வேண்டும். ஏற்கெனவே பதிவான ரோட்ஸ்டரை வாங்குவது இந்த நாட்டில் நடைமுறைக்கு உகந்தது. புதிதாகக் கட்டிய தனிக் காருக்கு வகை ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்வது தனிநபருக்கு எட்டாத செலவு. அத்தகைய கார் பந்தயத் தடத்துக்கு மட்டுமே ஏற்றது. வாங்கும்போது சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் சான்றோடு ஒப்பிடாமல் முன்பணம் தரக் கூடாது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை.

காப்பீட்டில் ஃபைபர் பாடிக்குத் தனிக் கணக்கு உண்டு. விபத்து இழப்பீட்டில் ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும் ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதமும் தேய்மானமாகக் கழிப்பார்கள். உடலே ஃபைபரான காரில் இது பெரிய தொகை. எனவே தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி கிடைக்குமா என்று கேட்பதும், செய்த மாற்றங்களை எழுத்தில் தெரிவித்துவைப்பதும் அவசியம்.

மாற்றம் முடிந்த காரை உடனே வெளிவட்டச் சாலைக்கு ஏற்றக் கூடாது. முதல் ஐம்பது கிலோமீட்டர் காலனிக்குள்ளேயே ஓட வேண்டும். திரும்பியதும் ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ஸ்பானரால் சரிபார்த்து, நட்டிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் கோடு இட வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டரில் மீண்டும் பார்க்கும்போது கோடு பிரிந்திருந்தால் அந்த நட் தளர்ந்திருக்கிறது. நைலான் பூட்டு நட்டாக இருந்தால் புதியது போட வேண்டும். அதன்பின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் மூன்றின் மட்டத்தையும் சக்கரக் கோணத்தையும் ஒருமுறை அளந்து, தேதியோடும் ஓடிய தூரத்தோடும் குறிப்பேட்டில் ஏற்றிய பிறகு, கார் வழக்கமான ஓட்டத்துக்குத் தயார்.